சோழமண்டலக் கரையின் ஊர்கள் எவை?

நாட்டுப்படத்தில் ஒரு கரைக்குப் பெயர் எழுதுதல் எளிது. அப்பெயர் எந்த ஊரில் தொடங்கி எந்த ஊரில் முடிகிறது என வரையறுத்தலோ அரிது. இலங்கையின் வடகரைக்கு எதிரே, பாக்கு நீரிணைக்கு அப்பால், கோடிக்கரையிலிருந்து வடக்கு நோக்கி நீளும் சோழமண்டலக் கரை இதற்குத் தக்க சான்றாகும்.

'சோழமண்டலம்' என்னும் பெயரே மேனாட்டார் நாவில் 'கோரமண்டல்' எனத் திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. பெயரை அளவுகோலாகக் கொள்வோர், காவிரி பாயும் நாட்டின் நாகப்பட்டினத்தையும் தரங்கம்பாடியையும் முதலில் எண்ணுவர். சென்னையும் பழவேற்காடும் தொண்டை மண்டலத்தைச் சார்ந்தவை அல்லவா என ஒருவர் தடுக்கலாம். ஆயின், சோழப் பேரரசர் காலத்தில் அத்தொண்டை மண்டலமே 'சயங்கொண்ட சோழமண்டலம்' எனப் பெயர் பெற்றிருந்தது. ஆகவே அவ்வூர்களும் உள்ளே வந்துவிடுகின்றன.

உண்மையான வழக்கு வடக்கே எழுகிறது. கிருஷ்ணா நதியின் கழிமுகத்தோடு எல்லையை முடிப்பது பெருவழக்கு. அக்கழிமுகத்தை அடுத்துள்ள மசூலிப்பட்டினம் அகமா, புறமா? அது தெலுங்கு வழங்கும் ஊர். ஆங்கிலேயர் 1611இல் அங்கு வணிகம் தொடங்கியபோது கோல்கொண்டா சுல்தானின் ஆட்சியில் இருந்தது. எனினும், 1610இல் பழவேற்காட்டில் நிலைகொண்ட ஒல்லாந்தர், பின்னர் 1690இல் தம் தலைமை நிலையத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றியபோதும், மசூலிப்பட்டினத்தைக் கோரமண்டல் கணக்கிலேயே வைத்தனர். அவர்களுக்கு மொழியும் அரசும் பொருட்டல்ல. துணி கிடைக்கும் கரை எதுவோ அதுவே கோரமண்டல்.

மழையைக் கேட்டாலோ விடை மாறும். நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் பெருமழை தருவது, யாழ்ப்பாணத்துக்குப் போலவே, வடகீழ்ப் பருவக்காற்று. மசூலிப்பட்டினத்துக்கோ தென்மேல் பருவக்காற்றே மிகுதியாகப் பொழிகிறது. உழவன் வகுக்கும் எல்லையும் வணிகன் வகுத்த எல்லையும் ஒன்றாகா.

இவற்றுள் எது சரி என வாதிடுமுன் மற்றொன்றை எண்ணிப் பார்த்தல் தகும். மேனாட்டார் இக்கரையைக் கப்பலிலிருந்து கண்டனர். ஆதலின் நங்கூரமிட்ட ஊர்களே அவர்தம் பட்டியலில் இடம்பெற்றன. சோழர் தலைநகராய் விளங்கிய தஞ்சாவூர் கடலுக்குத் தொலைவில் இருப்பதால் அப்பட்டியலில் இல்லை. கரைக்குப் பெயர் தந்த நாட்டின் தலைநகர் கரைக்குப் புறம்பாயிற்று! அவ்வாறே, உள்நாட்டுச் சிற்றூர்களில் தறியின்முன் அமர்ந்து துணி நெய்தவரும், அதற்குச் சாயமிட்டவரும் கரையின் வரலாற்றில் பின்தள்ளப்பட்டனர். கப்பல்களை அக்கரைக்கு ஈர்த்தது அவர்தம் கைத்திறனே.

ஆதலால், ஓர் ஊர் ஒரு கரையைச் சேர்ந்ததா என்ற வினாவுக்கு முன்னே, யாருடைய அளவுகோல் கொண்டு அளக்கிறோம் என்ற வினா நிற்றல் வேண்டும். மாணவர் கையிலுள்ள படத்தில் எல்லைக்கோடு ஒன்றுதான். அக்கோட்டை வரைந்த நோக்கங்களோ பல. அவற்றை அறிந்து படம் பார்ப்பவனுக்கே, கோட்டுக்கு வெளியே நிற்கும் மக்களும் கண்ணுக்குப் புலப்படுவர்.