மாதவிக்குப் போதுமான இடம்



"நாடகம் பழக்கிறதுக்கு என்ன ரீச்சர் புத்தகம்?" என்று இந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் அன்போடு கேட்டார். நல்ல குரலும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதாதா என்பது அவருடைய எண்ணம். அவர் மட்டும் அப்படி நினைக்கவில்லை. தமிழ்த் தினப் போட்டி வரும்போது நாடக ஆசிரியரைத் தேடுகிறோம். பரிசளிப்பு விழா வரும்போது தேடுகிறோம். மற்ற நாட்களில் அந்த 40 நிமிடப் பாடவேளையில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. நான் இன்று அந்த 40 நிமிடத்தைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

வாசிக்காத நாடக ஆசிரியரிடம் பிள்ளைகள் பொம்மைகளாகிவிடுவார்கள். அவர் சொன்னதைச் சொல்வார்கள், காட்டிய இடத்தில் நிற்பார்கள், கைதட்டல் வாங்குவார்கள். அவர்களுக்கென்று ஒரு சிந்தனை அந்த மேடையில் இருக்காது. இதை நான் மனதாரச் சொல்கிறேன்.

நம் கைக்கெட்டிய நூல் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் தமிழ்ப் பாடத்தில் படித்து, பொருள் எழுதிப் புள்ளி வாங்கியவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். மாதவி ஆடிய அரங்கின் அளவை இளங்கோ அதிலே தருகிறார். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல். ஒரு கோலுக்கு 24 விரல். தரம் 8 பிள்ளைகளிடம் வெண்கட்டியைக் கொடுத்து, இந்த அரங்கை நிலத்தில் வரையுங்கள் என்றேன். யாருடைய விரலால் அளப்பது என்று உடனே சண்டை வந்துவிட்டது. உத்தமனின் பெருவிரல் என்று உரையில் இருக்கிறதே என்றேன். உத்தமன் யார் என்று கேட்டார்கள். அந்தப் பாடவேளை அந்த விவாதத்திலேயே முடிந்தது. முடியட்டும். அடுத்த வகுப்பில் ஒருவனுடைய விரலை எல்லோரும் ஒப்புக்கொண்டு, மேசை கதிரைகளைச் சுவரோரம் தள்ளி, கோடு போட்டார்கள். அரங்கு முழுவதும் வகுப்பறைக்குள் அடங்கிவிட்டது. மண்டபம் இல்லை, மேடை இல்லை என்று குறைப்படும் பாடசாலைகளுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: மாதவிக்குப் போதுமான இடம் நம் பிள்ளைகளுக்குப் போதாதா? பிறகு வீடுகளிலிருந்து பழைய சேலைகள் வந்தன. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி மூன்றையும் கயிற்றில் கட்டி இழுத்துப் பார்த்தோம். மூன்று திரைக்கும் மூன்று விதமான வருகை உண்டு என்பதைச் செய்து பார்த்தபோதுதான் எனக்கே விளங்கியது.

விபுலாநந்த அடிகள் 1926-இல் 'மதங்க சூளாமணி' எழுதினார். காரைதீவிலே பிறந்த ஒருவர், சேக்ஸ்பியரின் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் பழந்தமிழ் நாடக மரபையும் ஒரே நூலில் அருகருகே வைத்துப் பார்த்திருக்கிறார். தன் மரபைப் படிப்பவர் பிறர் மரபுக்கு அஞ்சத் தேவையில்லை என்ற துணிவு எனக்கு அங்கிருந்துதான் வந்தது. அந்தத் துணிவோடுதான் கடல் கடந்த ஆசிரியர்கள் இருவரை வாசித்தேன்.

ஒருவர் சிக்காகோவைச் சேர்ந்த வயோலா ஸ்போலின். குடிபெயர்ந்து வந்த ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலை செய்தவர். அரங்க விளையாட்டுகள் பற்றிய அவருடைய பெரிய நூல் 1963-இல் வெளிவந்தது. பிள்ளையிடம் 'சோகமாக இரு', 'கோபமாக நில்' என்று சொல்லக்கூடாது என்கிறார். தீர்க்க வேண்டிய ஒரு சிக்கலைக் கொடுங்கள். நீ யார், எங்கே நிற்கிறாய், என்ன செய்கிறாய் என்பதை மட்டும் கேளுங்கள். உணர்ச்சி தானாக வரும் என்கிறார். இன்னொன்றும் சொல்கிறார். ஆசிரியரின் பாராட்டும் ஆசிரியரின் கண்டனமும் பிள்ளையை ஒரேமாதிரிக் கட்டிப்போடும். இதை ஏற்றுக்கொள்வது எனக்குச் சுலபமாக இருக்கவில்லை. 'கெட்டிக்காரி', 'வலு திறம்' என்று சொல்லாமல் ஒரு வகுப்பை நடத்திப் பாருங்கள், எவ்வளவு கடினம் என்று தெரியும். இப்போது, பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் கேட்கிறேன்: அவள் தூக்கிய வாளி கனமாகத் தெரிந்ததா? எந்த இடத்தில் கனம் போய்விட்டது? அவர்கள் சொல்லும் பதில் என் பாராட்டைவிடக் கூர்மையாக இருக்கிறது.

மற்றவர் இங்கிலாந்தின் டொரத்தி ஹீத்கோட். யோர்க்ஷயரில் பிறந்து, 14 வயதிலே பள்ளியை விட்டு ஆலையில் நெசவுக்குப் போனவர். அவருடைய ஆலை முதலாளியே பணம் கட்டி அவரை நாடகப் பள்ளிக்கு அனுப்பினார். சரிவராவிட்டால் திரும்பி வா, உன் தறிகள் காத்திருக்கும் என்றாராம். அந்தத் தறிகளின் பெயரிலேயே பிபிசி 1971-இல் அவரைப் பற்றி ஒரு படம் எடுத்தது. பட்டம் எதுவும் இல்லாத அந்த நெசவுப் பெண்தான் 1950 முதல் நியூகாசிலில் ஆசிரியர்களுக்கு ஆசிரியராக இருந்தார். வகுப்பில் ஆசிரியரும் ஒரு பாத்திரமாக நாடகத்துக்குள் இறங்க வேண்டும் என்பது அவருடைய வழி. அரசன் வேடம் நமக்கு வேண்டாம். அதிகாரம் குறைந்த, மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒருவராக இறங்கினால், முடிவெடுக்கும் பொறுப்பு பிள்ளைகளின் கைக்குப் போய்விடும்.

அதைச் செய்து பார்த்தேன். பிள்ளைகள் ஒரு கிராமச் சபை. நான் கந்தோரிலிருந்து கோப்போடு வந்த எழுதுவினைஞர். ஊர்க் கிணறுகளில் உவர் ஏறிவிட்டது, மிஞ்சிய ஒரு நல்ல தண்ணீர்க் கிணற்றை யார் யார் எந்த நேரத்தில் பாவிப்பது என்று எழுதித் தாருங்கள், நான் மேலிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். குடாநாட்டுப் பிள்ளைகளுக்கு உவரைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. ஆழம், துலா, மோட்டர், தோட்டத்துக்கு இறைக்கிற நேரம் எல்லாம் அவர்களே பேசினார்கள். அப்போது ஒரு பிள்ளை எழுந்து, "எங்கட ஆக்களை அந்தக் கிணத்திலை அள்ள விடாத காலம் இருந்தது எண்டு அம்மம்மா சொன்னவ. அதைக் கோப்பிலை எழுதுவீங்களோ?" என்று கேட்டாள்.

நான் திட்டமிட்டு வைத்திருந்த எதிலும் அந்தக் கேள்வி இல்லை. ஆசிரியராகப் பேசியிருந்தால் நீதி சொல்லி முடித்திருப்பேன். எழுதுவினைஞருக்கு நீதி சொல்லும் உரிமை கிடையாது. "சபை சொன்னால் எழுதுவேன்" என்றேன். சபை அதன்பிறகு பேசிய பேச்சை இந்த மண்டபத்தில் பெரியவர்கள் பேசி நான் கேட்டதில்லை. எழுதத்தான் வேண்டும் என்று முடிவாயிற்று.

அன்று மாலை நான் தேடிப் போனது வேறு புத்தகங்களை. தீண்டாமைக்கு எதிரான போராட்டம் இந்த மண்ணில் கொதித்த 1960-களின் இறுதியிலே 'கந்தன் கருணை' வந்தது, மௌனகுருவின் 'சங்காரம்' வந்தது. கூத்தின் ஆட்டத்தையும் தாளத்தையும் எடுத்து, அந்த நாளின் கேள்விக்குக் கொடுத்த நாடகங்கள் அவை. பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொண்டுவந்திருக்காவிட்டால் இந்த வழி திறந்திருக்குமா என்பது சந்தேகம். எந்த ஆசிரியர் கைநூலும் என்னை இவற்றிடம் அனுப்பவில்லை. தரம் 8 மாணவி ஒருத்தி அனுப்பினாள். என்ன வாசிக்க வேண்டும் என்பதை எனக்கு வகுப்பே சொல்லித் தருகிறது.

குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்களை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பாடசாலை ஆசிரியராக இருந்தவர், 1978-இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 'மண் சுமந்த மேனியர்' எழுதிய அதே கைதான் 'கூடி விளையாடு பாப்பா'வையும் எழுதியது. போரைப் பேசுகிற நாடகத்துக்குக் கொடுத்த உழைப்பைச் சிறுவர் நாடகத்துக்கும் கொடுத்தவர் அவர். சிறுவர் நாடகத்தை விளையாட்டு வேலை என்று நினைக்கிறவர்கள் அவருடைய எழுத்துருக்களை வாசித்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் எங்கே வாசிப்பது? நான் சொன்ன நூல்களில் பாதி கடையில் இல்லை. கைமாறிக் கைமாறிக் கிழிந்த பிரதிகளைத்தான் நாங்கள் பகிர்ந்துகொள்கிறோம். அதனால் நிர்வாக சபையினரிடம் கேட்கிறேன்: இந்த வாசிகசாலையில் நாடகத்துக்கென்று ஓர் அலுமாரி வேண்டும். ஊராரிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அண்ணாவியார் ஒருவர் இருந்திருப்பார். அவருடைய கூத்துக் கொப்பி எங்கோ பெட்டிக்குள் பூச்சி அரித்துக் கிடக்கும். அதைக் கொண்டுவாருங்கள். படம் எடுத்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தருகிறோம், மூலம் உங்களோடேயே இருக்கட்டும்.

அலுமாரி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு இதே மண்டபத்தில் 'கூடி விளையாடு பாப்பா'வை உரக்க வாசிக்கப் போகிறோம். பாத்திரங்களைப் பிள்ளைகள்தான் பிரித்துத் தருவார்கள். அப்பா அம்மாமாருக்கும் பாத்திரம் உண்டு. கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் கொண்டுவாருங்கள், எழுத்து சிறியது.