புகையிலையின் பிடி



போர்த்துக்கல் நாட்டிலே பிரெஞ்சுத் தூதராக இருந்த ஜான் நிக்கோ என்பவர், 1560ஆம் ஆண்டளவிலே, புகையிலையை ஒரு மருந்தெனக் கருதித் தம் அரசவைக்கு அனுப்பிவைத்தார். அவர் பெயரைத் தாங்கி நிற்பதே நிக்கொட்டின் என்னும் பொருள். 1828இல் ஹைடல்பேர்க் நகரிலே விஞ்ஞானிகள் இருவர் அதனைப் புகையிலையிலிருந்து பிரித்தெடுத்தனர்.

சிகரட் பிடிப்போர்க்குப் புற்றுநோயை விளைப்பது பெரும்பாலும் நிக்கொட்டின் அன்று. இலை எரியும்போது எழும் புகையிலுள்ள பிற நச்சுப்பொருள்களே. ஆயினும் அப்புகையை நாடோறும் தேடச்செய்வது நிக்கொட்டின். உள்ளிழுத்த சில விநாடிகளில் அது மூளையை அடைந்து சிறிது இன்பந் தருகிறது; அது தணிந்ததும் மனம் மீண்டும் அதனையே கேட்கிறது. விட்டுவிட வேண்டுமென்று விரும்புவோரும் விடமுடியாது தவிப்பது இதனாலேயாம்.

அங்ஙனமாயின், புகையிலையில் நிக்கொட்டினையே குறைத்துவிட்டால் என்ன? 1994இல் பெனோவிட்ஸ், ஹெனிங்ஃபீல்ட் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் இந்த யோசனையை முன்வைத்தனர்.

நிக்கொட்டின் குறைந்தால், அதனை ஈடுசெய்ய மேலும் பல சிகரட்டுகளைப் பிடிக்கமாட்டார்களா எனச் சிலர் வினவலாம். 'லைட்' எனப் பெயரிட்டு விற்கப்பட்ட சிகரட்டுகளில் நிகழ்ந்தது அத்தகையதே. அவற்றின் வடிகட்டியிலே நுண்ணிய துளைகள் இருந்தன. அளக்கும் இயந்திரம் காற்றுக் கலந்த புகையை இழுத்துக் குறைந்த அளவைக் காட்டிற்று. மனிதரோ துளைகளை விரலால் மூடியும், ஆழமாக இழுத்தும் வேண்டியதைப் பெற்றுக்கொண்டனர். இலையிலிருந்த நிக்கொட்டின் குறையவில்லை. இலையிலேயே அது மிகக் குறைந்துவிடின், எத்துணை ஆழமாக இழுத்தாலும் கிடைப்பது சொற்பமே.

2015இல் வெளியான அமெரிக்கப் பரிசோதனையொன்றில் 840 பேர் சேர்ந்தனர். வழக்கமான நிக்கொட்டின் அளவுள்ள சிகரட் பெற்றோர், ஆறாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 21 பிடித்தனர். கிராமுக்கு 2.4 மில்லிகிராமோ அதனினுங் குறைவாகவோ உள்ளவற்றைப் பெற்றோர் 16 அளவிலே நின்றனர்.

எனினும் சட்டமாக்குவது எளிதன்று. நியூசிலாந்து 2022இல் கிராமுக்கு 0.8 மில்லிகிராம் என வரம்பு விதித்தது. நடைமுறைக்கு வருமுன்னரே, 2024இல், புதிய அரசாங்கம் அதனை நீக்கிவிட்டது. அமெரிக்காவிலே, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி உணவு மருந்து நிருவாகம் நிக்கொட்டினைக் குறைக்கலாம்; அறவே ஒழிக்க இயலாது. அந்நிருவாகம் 2025 சனவரியில் 0.7 மில்லிகிராம் என்னும் வரம்பைப் பிரேரித்தது.

கள்ளச்சந்தை பெருகும் என்பது ஓர் ஆட்சேபம். நிக்கொட்டின் குறைந்த சிகரட் தீங்கற்றது என மக்கள் எண்ணிவிடுவர் என்பது மற்றொன்று. இரண்டும் புறக்கணிக்கத்தக்கனவல்ல. காவலும் வேண்டும், அப்புகையும் நஞ்சே என்னும் அறிவுறுத்தலும் வேண்டும்.

புகைப்போருட் பலர் இளம்பருவத்திலேயே தொடங்கியவர்கள். விளையாட்டாகப் பற்றவைத்த சிறுவன் ஒருவன், மறுநாள் அதனை எறிந்துவிட்டுப் போகக்கூடியவனாக இருத்தல் வேண்டும். இச்சட்டங்கள் நாடும் பயன் அதுவே.