குதிரைவண்டிச் சாலையில் சைக்கிள்



சைக்கிளில் ஊர் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பலர் முதலில் தூரத்தைத்தான் கணக்குப் போடுகிறார்கள். இயற்கையைப் பார்ப்பதற்காகவே போகிற பயணத்தில், எங்கெங்கே நிற்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும் என்பேன். இப்படித் திட்டமிடுவது ஒரு கலை. அதைக் கற்றுக்கொள்ள நல்ல இடம், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மேய்ன் மாநிலக் கடலோரத்தில் இருக்கும் அகேடியா தேசியப் பூங்கா.

அங்கே காடுகளுக்கும் ஏரிகளுக்கும் நடுவே கார்கள் நுழைய முடியாத கப்பிச் சாலைகள் சுமார் 45 மைல் நீளத்துக்கு ஓடுகின்றன. கிலோமீட்டரில் சொன்னால் 72. ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் என்னும் பெருஞ்செல்வந்தர் தம் சொந்தப் பணத்தில் 1913 முதல் 1940 வரை இவற்றை அமைத்தார். பூங்கா அமைந்திருக்கும் தீவுக்குள் கார்கள் வரத் தொடங்கிய காலம் அது. அவற்றின் இரைச்சல் இல்லாமல் குதிரைவண்டியில் போக வேண்டும் என்பது அவர் விருப்பம்.

சாலை போட்ட விதத்தைக் கவனியுங்கள். அடியில் பெரிய கல், அதன்மேல் சிறிய கல், எல்லாவற்றுக்கும் மேல் பொடிச் சரளை என்று மூன்று அடுக்கு. நடுப்பகுதி சற்றே மேடு. மழைநீர் இரு பக்கமும் வழிந்து வாய்க்காலில் இறங்கிவிடும். அகலம் சுமார் 16 அடி. ஓரத்தில் தடுப்பாகக் கருங்கற்களை நட்டிருக்கிறார்கள். மலையை வெட்டிச் சமன் செய்யாமல், அதன் வளைவோடு வளைந்தே பாதை போகிறது. திருப்பத்துக்குத் திருப்பம் ஏதாவது ஒரு காட்சி கண்ணில் படும்படி வகுத்த பாதை இது. சாலையோரச் செடிகளுக்கு யோசனை சொன்னவர் பியாட்ரிக்ஸ் ஃபாரண்ட் என்னும் புகழ்பெற்ற தோட்டக்கலைஞர்.

ஆக, எங்கே நின்றால் எது தெரியும் என்பதைச் சாலை போட்டவரே யோசித்து வைத்திருக்கிறார். அவர் யோசித்ததைப் புரிந்துகொண்டு நம் நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்வதே நம் வேலை.

முதல்முறை போகிறவர்களுக்கு ஈகிள் ஏரியைச் சுற்றிவரும் பாதை போதும். சுமார் 6 மைல். அது பார் ஹார்பர் ஊருக்குக் குடிநீர் தரும் ஏரி என்பதால் யாரும் நீரில் இறங்கக் கூடாது. கரையில் உட்கார்ந்து பார்க்கலாம். கால்களில் வலு உள்ளவர்கள் மலைகளைச் சுற்றும் 11 மைல் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஏற்றம் அதிகம். ஆனால் குதிரைகள் இழுக்க வேண்டும் என்பதால் செங்குத்தாக இல்லாமல் நீண்டு சாய்ந்து போகும் ஏற்றம், அவசரப்படாதவர் ஏறிவிடலாம். ஜோர்டன் குளத்தின் தென்கரையில் நின்றால் எதிரே உருண்டையான இரண்டு குன்றுகள் தெரியும். அருகிலேயே தேநீரும் சூடான உப்பல் ரொட்டியும் கிடைக்கும் பழைய உணவகம் ஒன்று உண்டு. மதிய இடைவேளையை அங்கே வைத்துக்கொள்வது நல்லது.

பாலங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தச் சாலைகளில் 17 கற்பாலங்கள் இருக்கின்றன. சைக்கிளில் மேலே கடந்து போகிறவருக்கு வெறும் கைப்பிடிச் சுவர்தான் தெரியும். பாலத்தின் வளைவும் கல் அடுக்கிய நேர்த்தியும் கீழே இறங்கிப் பார்ப்பவருக்கே கிட்டும். டக் புரூக் பாலத்துக்கு மூன்று வளைவுகள். ஓடைக்கு இறங்கப் படிக்கட்டும் உண்டு. வாட்டர்ஃபால் பாலத்துக்குப் பக்கத்திலேயே அருவி விழுகிறது. மழைக்குப் பின் போனால் நீர் நிறைந்திருக்கும். ஒவ்வொரு பாலத்துக்கும் கால் மணி நேரமாவது ஒதுக்காத திட்டம் என் கணக்கில் குறையுள்ள திட்டம்.

இனி நடைமுறை. சரளையில் மெல்லிய டயர் வழுக்கும். அகலமான டயர் போடுங்கள், காற்றைச் சற்றுக் குறைத்து வையுங்கள். சந்திப்புகளில் எண் எழுதிய கம்பங்கள் இருக்கின்றன. அதே எண்கள் வரைபடத்திலும் உண்டு. வரைபடம் கையில் இருந்தால் வழி தவறாது. வசந்த காலத் தொடக்கத்தில் பனி உருகிப் பாதை சேறாகும்போது சாலைகளை மூடிவிடுவார்கள். கோடையிலும், இலைகள் சிவக்கும் அக்டோபரிலும் வாகன நிறுத்துமிடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும், காலையிலேயே போய்விடுங்கள். பூங்காவின் தெற்கே தனியார் நிலத்தில் போகும் சில பகுதிகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. அறிவிப்புப் பலகையை மதியுங்கள்.

நடப்பவர்களுக்கும் குதிரைகளுக்கும் சைக்கிள்காரர்தான் வழிவிட வேண்டும். குதிரையைக் கண்டால் வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, மெல்லக் கடந்து செல்லுங்கள். அந்தச் சாலை முதலில் போடப்பட்டது அவற்றுக்காகத்தான்.

அடுத்த முறை எந்தக் காட்டுக்கு, எந்த மலைக்குச் சைக்கிளில் போவதானாலும், திட்டத் தாளில் தூரத்தைப் பாதியாக்குங்கள். நிற்கும் இடங்களை இரட்டிப்பாக்குங்கள்.