சத்தத்தைக் கூட்டிய மூவர்

(ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்துக்குப் பிறகு நடந்த கலைமாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)



பிடித்த இசையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். வில்லுப்பாட்டு பற்றியோ இளையராஜா பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டது ஒரு லண்டன் குழு. பெயர் ‘க்ரீம்’. ஆட்கள் மூன்றே பேர். 1966 ஜூலையில் சேர்ந்தார்கள், 1968 நவம்பரில் பிரிந்தார்கள். இரண்டரை வருஷம்கூட நிறையவில்லை. களியக்காவிளையில் உட்கார்ந்துகொண்டு அவர்களைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அவர்கள் வாசித்தது ப்ளூஸ் ராக். ப்ளூஸ் என்பது அமெரிக்காவின் தெற்கே பருத்தித் தோட்டங்களில் உழைத்த கறுப்பின மக்களிடம் பிறந்த பாட்டு. ஒரு வரியைப் பாடுவார்கள், அதையே திரும்பப் பாடுவார்கள், மூன்றாவது வரியில் அதற்குப் பதில் வரும். ஒரு குரலும் ஒரு கிட்டாரும் போதும். 1960-களில் லண்டன் இளைஞர்கள் இசைத்தட்டுகளில் கேட்டே அதைக் கற்றுக்கொண்டார்கள். மின்சார கிட்டாரும் பெரிய ஆம்ப்ளிபயரும் சேர்ந்தபோது அது ப்ளூஸ் ராக் ஆனது.

மூவரில் ஒருவர் எரிக் கிளாப்டன். அப்போது வயது 21. அதற்குள்ளேயே லண்டன் சுவரில் ‘கிளாப்டன்தான் கடவுள்’ என்று ரசிகர்கள் எழுதிவிட்டார்கள். இரண்டாமவர் ஜாக் புரூஸ், ஸ்காட்லாந்துக்காரர். செல்லோ முறையாகப் படித்தவர், பாடுவார், பேஸ் கிட்டார் வாசிப்பார். மூன்றாமவர் ஜிஞ்சர் பேக்கர், ஜாஸ் வாசித்துப் பழகிய டிரம்ஸ் கலைஞர்.

புரூஸுக்கும் பேக்கருக்கும் ஆகவே ஆகாது. முன்பு கிரஹாம் பாண்ட் என்பவரின் குழுவில் இருவரும் சேர்ந்து வாசித்தார்கள். மேடையிலேயே சண்டை. கடைசியில் பேக்கர் புரூஸைக் குழுவைவிட்டு வெளியேற்றினார். அதே பேக்கர் 1966-இல் கிளாப்டனிடம் போய், “நாம் ஒரு குழு தொடங்கலாம்” என்றார். கிளாப்டன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: புரூஸும் வேண்டும். பேக்கர் தானே புரூஸ் வீட்டுக்குப் போய்ப் பேசினார். பாலின் மேலே திரளும் ஆடை மாதிரி, இருப்பவர்களிலேயே மேலானவர்கள் என்ற பொருளில் ‘க்ரீம்’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கொஞ்சம் தலைக்கனமான பெயர்தான். ஆனால் பொய்யில்லை.

1966 டிசம்பரில் முதல் ஆல்பம், அடுத்த வருஷம் ‘டிஸ்ரேலி கியர்ஸ்’. அதில் உள்ள ‘சன்ஷைன் ஆஃப் யுவர் லவ்’ பாட்டின் கிட்டார் வரியை இன்றும் கிட்டார் கற்கும் பிள்ளைகள் முதல் சில மாதங்களிலேயே வாசித்துப் பார்ப்பார்கள். 1968-இல் ‘வீல்ஸ் ஆஃப் ஃபயர்’ அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. அதில் ‘ஒயிட் ரூம்’ என்ற பாட்டின் தொடக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஐந்து எண்ணிக்கையில் போகும். தாளம் தெரிந்தவர்களுக்கு நம்முடைய கண்ட சாபு ஞாபகம் வரும்.

மேடையில் அவர்கள் செய்ததுதான் புதுமை. ராக் பாட்டு என்றால் மூன்று நிமிடம் என்று இருந்த காலம் அது. 1967-இல் சான்பிரான்சிஸ்கோ போனபோது ரசிகர்கள் இன்னும் வாசியுங்கள் என்றார்கள். இவர்களும் மூன்று நிமிடப் பாட்டைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். ராக ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் கேட்டு வளர்ந்த நமக்கு இது ஆச்சரியமில்லை. ராக் ரசிகர்களுக்கு அது புதிது.

அப்புறம் ஏன் உடைந்தது? பழைய பகை ஒரு காரணம். ஓயாத அமெரிக்கப் பயணம் இன்னொன்று. பணமும் உண்டு. பாட்டு எழுதியவர் பெயரில்தான் ராயல்டி வரும். நிறையப் பாடல்கள் புரூஸும் அவருடைய கவிஞர் நண்பர் பீட் பிரவுனும் சேர்ந்து எழுதியவை. அந்த ஐந்து எண்ணிக்கைத் தொடக்கத்தைக் கொடுத்தது நான், எனக்கு அதற்குப் பங்கு வரவில்லை என்ற குறை பேக்கருக்குச் சாகும்வரை இருந்தது.

எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படும் காரணம் சத்தம். மேடையில் மார்ஷல் ஆம்ப்ளிபயர்கள் அடுக்கடுக்காக உயர்ந்தன. புரூஸ் தன் சத்தத்தைக் கூட்டுவார். கேட்க வேண்டுமே என்று கிளாப்டனும் கூட்டுவார். பேக்கருக்குத் தன் டிரம்ஸ் தனக்கே கேட்காது, இன்னும் ஓங்கி அடிப்பார். ஒரு நாள் பாதியில் கிளாப்டன் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்று பார்த்தாராம். மற்ற இருவரும் அதைக் கவனிக்கவே இல்லை. இதைக் கிளாப்டனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

1968 நவம்பர் 26-ஆம் தேதி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் கடைசிக் கச்சேரி நடந்தது. 1969 ஜனவரியில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் பிபிசி தொலைக்காட்சியில் தன் பாட்டைப் பாதியில் நிறுத்தி, இவர்களுடைய பாட்டை வாசித்து மரியாதை செய்தார். கிட்டார், பேஸ், டிரம்ஸ் என்று மூன்று பேர் போதும் ஒரு பெரிய மேடையை நிறைக்க என்று காட்டியது இவர்கள் விட்டுப்போன சொத்து. 2005-இல் அதே ஆல்பர்ட் ஹாலில் நான்கு நாள் மீண்டும் சேர்ந்து வாசித்தார்கள். நன்றாகவே நடந்தது. அந்த அக்டோபரில் நியூயார்க் போனார்கள். அங்கே புரூஸ் மறுபடியும் சத்தத்தைக் கூட்டிவிட்டார் என்று பேக்கர் புகார் சொன்னார். 37 வருஷம் கழித்தும் அதே புகார்! புரூஸ் 2014-இலும் பேக்கர் 2019-இலும் காலமானார்கள்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். அந்தக் கிரஹாம் பாண்ட் குழுவில் 1963-இல் கிட்டார் வாசித்தவர் ஜான் மெக்லாலின். புரூஸ், பேக்கர் இருவரோடும் மேடையில் நின்றவர். பிறகு அவரும் காது கிழியும் சத்தத்தோடு மின்சார கிட்டார் குழு நடத்தினார். 1975 வாக்கில் அதை ஒதுக்கிவிட்டு ‘சக்தி’ குழுவில் சாதாரண கிட்டாரோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். கடம் ஒரு மண்பானை. அதன் ஓசைக்கு ஓர் அளவு உண்டு. அது கேட்க வேண்டுமானால் மற்றவர்கள் அடங்கி வாசிக்க வேண்டும், வேறு வழியில்லை. அந்தக் குழுவும் சில வருஷத்தில் கலைந்தது. ஆனால் 1990-களின் கடைசியில் மறுபடி கூடிய பிறகு விக்கு விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் வந்து உட்கார்ந்தார். 2024-இல் கிராமி விருதும் வாங்கினார்கள்.

நம் ஊர்க் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இது புரியும். அங்கேயும் மண்குடம் உண்டு. புலவர் கதை சொல்லும்போது குடம் அடிப்பவர் அடக்கிக்கொள்வார். அவர் விட்ட இடத்தில்தான் குடம் எழும்பும்.

கடைசியில் சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு நம் குடியிருப்பில் மூன்று பிள்ளைகள் மொட்டைமாடியில் கிட்டாரும் கீபோர்டும் டிரம்ஸுமாக வாசித்துக்கொண்டிருந்தார்கள். சத்தம் தாங்கவில்லை என்று சங்கத்துக்குப் புகார் போனது. எழுதியவர்களில் நானும் ஒருவன். தேர்வு நேரம், வீட்டில் வயதானவர்கள், என் புகாரில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மாடிக்குப் போய் ஒரு பாட்டாவது முழுதாகக் கேட்டுவிட்டு எழுதினேனா என்றால், இல்லை. பிறகு பிள்ளைகளுக்குள்ளேயே மனஸ்தாபம் வந்து பிரிந்துவிட்டார்கள். டிரம்ஸ் இன்னும் படிக்கட்டுக்கு அடியில் பழைய போர்வை மூடிக் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நான் சாயா குடிக்கப் போகிறேன்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். ஞாயிறு மாலை நான்கு முதல் ஆறு வரை இந்த ஹாலைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். நேரத்துக்கும் சத்தத்துக்கும் ஓர் அளவு வையுங்கள். அந்த மூவரும் இந்தக் கூட்டத்தில்தான் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறார்கள். மக்களே, உங்கள் சண்டையில் நான் தலையிடவில்லை. வாசிக்கும்போது மற்ற இரண்டு பேர் வாசிப்பதும் காதில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் ஞாயிறு கேட்க நான் வருகிறேன். புகார் எழுத அல்ல.