தட்டைப் பாதமும் ஒரு சுருள் பிளாஸ்திரியும்

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எஞ்சினியர் வந்தால் வேலைவாய்ப்பு பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் காலைப் பற்றிப் பேசப்போகிறேன். இன்று விடியற்காலையில் ஏரல் ஆற்றங்கரைப் பக்கம் நடந்தபோது, போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடிப் பழகுகிற தம்பிகளைப் பார்த்தேன். ஒருத்தன் உள்ளங்கால் முழுக்க வெள்ளைப் பிளாஸ்திரி. கேட்டால், "சப்பைக் கால்ணே, இதை ஒட்டினா குழி விழுந்திரும்னு சொன்னாங்க" என்கிறான். நானும் படிக்கிற காலத்தில் அதையே நம்பினவன்தான்.

ஆடி அமாவாசைக்குச் சேர்மன் அருணாசல சுவாமி கோயிலுக்கு வருகிறவர்கள் தாமிரபரணியில் முங்கிக் குளித்துவிட்டுப் படியேறும்போது ஈரத் தடத்தைக் கவனியுங்கள். சிலருக்கு நடுவில் வெட்டுவிழுந்த தடம். சிலருக்கு முழுப் பாதமும் அப்படியே பதியும். அதுதான் தட்டைப் பாதம். அதில் இரண்டு வகை. நுனிவிரலில் எம்பி நின்றால் குழி தெரிகிறதா? அது வளைகிற பாதம், பெரும்பாலோருக்கு அதுதான். அப்படிக் குழி தெரிந்து, வலியில்லாமல் நன்றாக ஓட முடிந்தால் ராணுவ மருத்துவ விதிகளே ஏற்றுக்கொள்கின்றன. எம்பினாலும் குழி வராத, விறைத்த, வலிக்கிற பாதம் என்றால் எலும்பு டாக்டரிடம் போகவேண்டியதுதான்.

(1992-ல் ராவ், ஜோசப் என்ற இரண்டு இந்திய டாக்டர்கள் 2300 பிள்ளைகளின் கால்தடத்தைப் பார்த்தார்கள். செருப்பு, ஷூ போடுகிற பிள்ளைகளில் 8.6 சதவீதம் பேருக்கும், வெறுங்காலோடு திரிகிறவர்களில் 2.8 சதவீதம் பேருக்கும் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு சுற்றினதற்கு வீட்டில் வாங்கின அடியெல்லாம் ஞாபகம் வந்தது.)

சரி, பிளாஸ்திரி என்ன செய்கிறது? பாதத்தை ஒரு வில் என்று வைத்துக்கொண்டால், குதிகாலிலிருந்து விரல்வரை அடியில் ஓடும் தடித்த சவ்வுதான் நாண். தட்டைப் பாதத்தில் கால் ஊன்றும்போது வில் கூடுதலாகத் தாழ்ந்து, உள்பக்கம் சரிகிறது. 'லோ-டை' என்கிற முறையில் குதிகாலைச் சுற்றி ஒரு பட்டை, அதன்மேல் வெளிப்பக்கத்திலிருந்து அடிவழியாக உள்பக்கம் இழுத்துக் குறுக்குப் பட்டைகள். இது இரண்டாவது நாண் மாதிரி. ஒட்டினவுடன் அளந்தால் உள்பக்க எலும்பு சில மில்லிமீட்டர் உயர்ந்திருக்கும். குதிகால் வலிக்காரர்களுக்குச் சில நாள் கொஞ்சம் சுகம் கிடைக்கும்.

ஆனால் பத்து, இருபது நிமிஷம் ஓடினால் போதும், அந்த உயரத்தில் பெரும்பகுதி இறங்கிவிடும். வியர்வையில் பசை விடும், துணி தளரும். 1500 மீட்டரை 7 நிமிஷத்தில் முடிக்கிறவரை தாங்கலாம். தினமும் ஒரு மணிநேரப் பயிற்சிக்குத் தாங்காது. வேகம் கூடுமென்றோ, நிரந்தரமாகக் குழி விழுமென்றோ நம்பிவிடாதீர்கள். கட்டிடத்தில் முட்டுக்கொடுக்கிற சவுக்குக் கம்பு மாதிரிதான். அதையே தூண் என்று நினைத்துவிட்டால் வம்பு.

நான் அப்படித்தான் மாட்டினேன். முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் வலித்தது. பிளாஸ்திரியை இறுக்கி ஒட்டி, மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் ஓடினேன். கடைசியில் படம் எடுத்தபோது எலும்பில் மயிரிழை விரிசல். செலக்‌ஷன் அன்றைக்கு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். குற்றம் பாதத்தின் மேல் இல்லை. நான்கு வாரத்தில் கூட்டவேண்டிய தூரத்தை ஒரே வாரத்தில் கூட்டினேன். 1993-ல் அமெரிக்க ராணுவத்தில் 246 பேரை ஆராய்ந்தபோதுகூட, தட்டைப் பாதக்காரர்களுக்குக் காயம் அதிகமாக இல்லை. குழி அதிகமுள்ளவர்களுக்குத்தான் அதிகம்.

ஆகவே தம்பிகளா, வலியில்லாத சப்பைக் காலுக்கு ஒன்றும் ஒட்டவேண்டாம். படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்குங்கள், விரலை மடக்காமல் உள்ளங்காலைச் சுருக்கிப் பழகுங்கள். வலித்தால் ஓட்டத்தைக் குறையுங்கள். எலும்பில் ஒரே இடத்தில் விரலை வைத்து அழுத்தினால் சுரீர் என்கிறதா, ராத்திரி படுத்தாலும் வலிக்கிறதா? அன்றைக்கே ஓடுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

காலையில் பார்த்த தம்பி இந்தக் கூட்டத்தில் இருந்தால், முடிந்ததும் மேடைப் பக்கம் வா. எம்பி நிற்கச் சொல்லிப் பார்ப்போம்.