கூலிங் கிளாஸ் எவ்வளவு கறுப்பாக இருக்கலாம்?

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)



போன மாதம் ஒரு நண்பகலில், வெயிலில் வந்த நான் நம் கார் பார்க்கிங்குக்குள் வண்டியைத் திருப்பினேன். கண்ணில் கூலிங் கிளாஸ். தூண் ஓரம் சைக்கிளோடு நின்ற குழந்தை என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. வாட்ச்மேன் சத்தம் போட்டதால் பிரேக் போட்டேன். ஒரு முழம்தான் இடைவெளி. அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

"இருப்பதிலேயே கறுப்பானது கொடுங்கள்" என்று கடையில் கேட்டு வாங்கியவன் நான்தான். கறுப்பு கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று நினைத்தேன். அது தவறு. கண்ணைக் காப்பது, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மை. 'யுவி 400' என்று எழுதியிருக்கும். வெளிர் நிறக் கண்ணாடியிலும் அது உண்டு. அது இல்லாத கறுப்புக் கண்ணாடி போட்டால், இருட்டுக்குக் கண்மணி விரிந்து கதிருக்கு வழிவிடும்.

கறுப்புக்குத் தனிக் கணக்கு. சர்வதேசத் தரத்தில் 0 முதல் 4 வரை ஐந்து வகை. எண் 2 என்றால் 18 முதல் 43 சதவீத வெளிச்சம் உள்ளே வரும். எண் 3 என்றால் 8 முதல் 18. எண் 4 என்றால் 3 முதல் 8 மட்டுமே. அதைப் போட்டு வண்டி ஓட்டக் கூடாது. பெரும்பாலும் காதுத் தண்டின் உட்புறம் இந்த எண் இருக்கும்.

கார் கண்ணாடிக்கும் கணக்கு உண்டு. மோட்டார் வாகன விதிப்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் வெளிச்சம் விட வேண்டும். கறுப்பு பிலிம் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 அன்று தடை செய்தது. இப்போது பெருக்கிப் பாருங்கள். 15 சதவீதம் விடும் கூலிங் கிளாஸோடு, 50 சதவீதம் விடும் பக்கக் கண்ணாடி வழியே பார்த்தால் மிஞ்சுவது ஏழரை. மூன்றாம் எண் நான்காகிவிடுகிறது. வங்கியில் இத்தனை வருடம் கணக்குப் பார்த்த எனக்கு, இந்த ஏழரை தெரியாமல் போயிற்று!

வயதானால் கண்மணி சுருங்கும், லென்ஸ் மஞ்சளாகும். நமக்கு வெளிச்சம் அதிகம் தேவை. எனவே என் வயதுக்காரர்கள் வண்டி ஓட்ட எண் 2 போதும். உச்சி வெயிலில் நடக்க எண் 3. ஏரித் தண்ணீர் கூசுகிறதென்றால் இன்னும் கறுப்பு வேண்டாம். போலராய்டு லென்ஸ் வாங்குங்கள். அந்தி சாய்ந்தால் கழற்றிவிடுங்கள்.

ஒரே வேண்டுகோள். நம் கேட்டில் வண்டியை நிறுத்தி, கூலிங் கிளாஸைக் கழற்றி, கண் பழகியபின் உள்ளே வாருங்கள். அங்கே நம் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.