சுவரின் நிறமும் மண்ணின் உரிமையும்

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஜார்க்கண்டின் ஹசாரிபாக் மாவட்டக் கிராமங்களில் மண் வீடுகளின் சுவர்கள் பெரும்பாலும் கருப்பு, வெள்ளை, சிவப்பு, மஞ்சள் ஆகிய நான்கு நிறங்களையே கொண்டிருக்கின்றன. பழங்குடி மக்களின் அழகுணர்ச்சி என்று சுற்றுலாப் பிரசுரங்கள் இதற்கு விளக்கம் கூறும். அழகுணர்ச்சி உண்டு, ஆனால் நிறங்கள் நான்காக நின்றதற்குக் காரணம் காலடி மண்ணில் இருக்கிறது. கருப்பு, மாங்கனீசு கலந்த மண். வெள்ளை, கயோலின் எனப்படும் வெண்களிமண். சிவப்பும் மஞ்சளும் இரும்பு கலந்த காவி மண்கள். எதற்கும் கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பருவமழை மண் சுவரை அரித்துவிடும். மழை ஓய்ந்ததும், தீபாவளியை ஒட்டி வரும் கால்நடைத் திருவிழாவான சோஹ்ராய்க்காகப் பெண்கள் சுவரைப் பூசிச் செப்பனிட்டு, அதன்மேல் வண்ணம் தீட்டுகின்றனர். திருமணக் காலத்துக் கோவர் ஓவியத்திலோ, காய்ந்த கருமண் பூச்சின்மேல் வெண்களிமண் பூசப்படும். அது ஈரமாயிருக்கும்போதே சீப்பால் சீவினால் அடியிலுள்ள கருப்பு கோடுகளாகத் தெரியும். ஆக, இந்த வண்ணப்பூச்சு முதலில் வீட்டுப் பராமரிப்பு, பிறகுதான் ஓவியம். அது பெண்களின் கூலியற்ற உழைப்பு என்பதைக் கலையின் பெருமை பேசுவோர் பெரும்பாலும் சொல்வதில்லை.

இதே மாவட்டத்தின் கரண்புரா பள்ளத்தாக்கில், அந்த மண்ணுக்குக் கீழே நிலக்கரி கிடக்கிறது. 2020 மே மாதம் சோஹ்ராய்-கோவர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மறுமாதம் 18ஆம் தேதி, வணிகச் சுரங்கத்துக்காக 41 நிலக்கரித் தொகுதிகளின் ஏலத்தை ஒன்றிய அரசு தொடங்கியது. ஜார்க்கண்டின் தொகுதிகளும் அப்பட்டியலில் இருந்தன. ஓவியத்தின் பெயருக்குப் பாதுகாப்பு, ஓவியத்துக்கான மண்ணுக்கு ஏலம்!

அரசு நிறுவனங்களுக்காக நிலம் எடுக்க 1957ஆம் ஆண்டின் நிலக்கரி நிலக் கையகப்படுத்தல் சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கிய சமூகத் தாக்க மதிப்பீடு, நான்காம் அட்டவணையின் காரணமாக இதற்குப் பொருந்தவில்லை. இழப்பீடு, மறுவாழ்வு விதிகள் மட்டும் 2015 முதல் பொருந்துகின்றன. அந்த இழப்பீடு நிலத்துக்கும் அதன்மேலுள்ள கட்டடம், மரம், பயிருக்கும் கணக்கிடப்படுவது. ஊரார் அனைவரும் வெண்களிமண் எடுத்துவந்த ஓடைக்கரை எவர் பெயரிலும் இல்லை. ஆகவே அதற்கு விலையும் இல்லை.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(1) பிரிவு, காட்டில் மரபாக அனுபவித்துவரும் பிற உரிமைகளையும் ஏற்கிறது. காட்டெல்லைக்குள் மண் எடுக்கும் இடங்களைக் கிராம சபையின் உரிமைக்கோரலில் எழுதிச் சேர்க்கும் வேலை, ஏல அறிவிப்பு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த இடங்களைக் காட்டக்கூடியவர்கள் கூடையோடு அங்கே சென்றுவந்த பெண்களே.